ஃபேனுக்கு அடியில் பேஸ் வராது

மண்டபத்தில் இருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். ஹால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் இழுத்து உள் அறையிலும் இரண்டு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மனைவிக்குப் பகலெல்லாம் அந்த அறைதான், இளையராஜாதான் துணை. ஹாலில் திம்மென்று கேட்கிற பேஸ் கிட்டார் உள்ளே தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறதாம். கடைக்காரர் 15,000 ரூபாய்க்கு ஒரு சப்வூஃபர் சொல்லியிருக்கிறார். "பென்ஷன் வந்ததும் வாங்கிடலாமா சார்?"

வேண்டாம் என்றேன்.

அந்தக் கால டீக்கடைகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி வைத்திருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? நம் பக்கம் மானாமதுரைப் பானைக்குக் குறைவே இல்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் சுற்றி வந்து கலந்தால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். பானை பின்பக்க ஒலியை அடைத்து வைத்தது, அவ்வளவுதான். ஸ்பீக்கர் பழையதுதான், பேஸ் மட்டும் புதிதாக வந்தது.

இதே சண்டை இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவிலும் வரும். ஒன்றில் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். அதை முதலில் பார்க்கச் சொன்னேன். சரியாகவே இருந்தது. கடல்காற்றில் பச்சை பிடித்திருந்த ஒயர் முனைகளைச் சுரண்டி மாட்டினார். வித்தியாசமில்லை. ஹால் பெட்டிகளையே உள்ளே தூக்கி வைக்கச் சொன்னேன். அவையும் தகர டப்பா ஆகிவிட்டன!

ஆக, குற்றவாளி அறைதான். 10-க்கு 10 அறை. பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அதன் ஒலி அலை சுமார் 20 அடி நீளம். பாதி அலை அந்தச் சுவர்களுக்கு இடையே அச்சாகப் பொருந்துகிறது. அப்படிப் பொருந்தினால் சுவரோரம் ஒலி குவியும், நட்டநடுவில் காணாமல் போகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கமும் அதே கதை.

நம் ஊர் வெயிலில் நாற்காலியை எங்கே போடுவோம்? ஃபேனுக்கு நேர் கீழே, அறையின் நட்டநடுவில். சப்வூஃபர் வாங்கி வைத்தாலும் அந்த நாற்காலியில் அந்த ஸ்வரம் எடுபடாது.

நாற்காலியைச் சுவரோரம் தள்ளி, ஜன்னலுக்கு அடியில் இருந்த பெட்டிகளை மூலைப் பக்கம் நகர்த்தச் சொன்னேன். மிகச் சின்ன ஸ்பீக்கராக இருந்தால் இதுவும் ஓரளவுக்குத்தான் உதவும். 4 அங்குலக் கூம்பிடம் அடிமட்ட 41 ஹெர்ட்ஸைக் கேட்பது அநியாயம். இவருடையது 6 அங்குலம்.

நேற்று அவர் மனைவியே பேசினார். கிட்டார் நன்றாகக் கேட்கிறதாம். காற்றுக்கு ஒரு டேபிள் ஃபேன் வைத்திருக்கிறார்களாம், இப்போது அதன் கடகடா சத்தமும் பாட்டோடு சேர்ந்து வருகிறதாம். "அதுக்கு என்னண்ணே பண்ணலாம்?" என்றார். எண்ணெய் போடச் சொல்லியிருக்கிறேன்.