மிளகாய்க்கு ஒரு களம்!

வற்றல் வாங்கப் போனால் ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்க்கிறோம். விதை கலகலவென்று ஆட வேண்டும். அப்போதுதான் பணம் கொடுக்கிறோம். அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் விளைவது முண்டு மிளகாய். உருண்டையாக, பளபளவென்று இருக்கும். 2023-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்குக்கு இனி அந்தப் பெயரை வைக்க முடியாது. பெருமைதான்!

ஆனால், குறியீடு மழையை நிறுத்துமா?

கமுதி, முதுகுளத்தூர் பக்கம் இது பெரும்பாலும் மானாவாரிப் பயிர். புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைக்கிறார்கள். மழை பிந்தினால் மறுபடி விதைக்க வேண்டும். மிஞ்சினால் இன்னும் மோசம். கரிசல் மண் தண்ணீரை லேசில் விடாது. வேர் அழுகி, செடி செத்துவிடும். பூக்கும் நேரத்தில் வெயில் கொளுத்தினால் பூ உதிரும்.

2023 டிசம்பரில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்தது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது. அந்த மாவட்டத்தில் வழக்கமாக ஒரு வருஷம் முழுவதும் பெய்வதைவிட அதிகம்!

இதையெல்லாம் நாம் தடுக்க முடியாது. இத்தனைக்கும் தப்பி வந்த பழத்தையாவது காப்பாற்றலாம் அல்லவா?

பழுத்த மிளகாயில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். நூறு கிலோ பழம் காய்ந்தால் இருபத்தைந்து, முப்பது கிலோ வற்றல்தான் தேறும். காயப் பத்து, பதினைந்து நாள் வெயில் வேண்டும். மண் தரையிலும் ரோட்டு ஓரத்திலும் பரப்புகிறார்கள். நடுவில் ஒரு மழை பெய்தால் போதும். வற்றல் வெளுக்கும். பூசணம் பிடிக்கும். மண்டியில் விலை விழும். பூசணத்தில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சும் உண்டாகலாம். அது நம் குழம்புக்குத்தான் வரும்!

மிளகாய் விளையும் ஊர்தோறும் ஒரு சிமெண்டுக் களம் வேண்டும். மூடுவதற்குத் தார்ப்பாய் வேண்டும். அவசரத்துக்கு அள்ளிப் போட ஒரு கொட்டகை வேண்டும். பாலித்தீன் கூடாரத்துக்குள் வெயிலில் உலர்த்தும் முறையும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால், ஒரு ஏக்கர்க்காரர் தனியாகப் போட அது கட்டுப்படியாகுமா? ஊருக்குப் பொதுவாக அரசு அமைக்கட்டும்.

செலவு ஆகும் என்பார்கள். கம்பும் உளுந்தும் காய்வது அதே களத்தில்தானே! அடுத்த அறுவடை தை, மாசியில் தொடங்கிவிடும். கட்டுவதானால் அதற்கு முன் கட்ட வேண்டும்.