கூண்டு கட்டும் நாள்கள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் புதிய கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தார். அந்த இரண்டு மாதமும் அவரிடம் ஏலக்காய் விலையைப் பற்றி எவரும் பேசிவிட முடிந்ததில்லை. அடிச்சட்ட எண் விழுந்துவிட்டது, வண்ணம் பூசும் பிரிவைத் தாண்டிவிட்டது, ஆலையிலிருந்து லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று, முகவரின் ஊழியரிடம் கேட்டறிந்த ஒவ்வொன்றையும் நம்மிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் மகளைப் பற்றிப் பேசுகிற தந்தையின் குரல் அது. நமக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

இது நண்பருக்கு மட்டும் நேர்ந்த பித்து அன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வண்டி கடக்கும் கட்டங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். 3000 என்றால் உற்பத்திப் பிரிவு ஏற்றுக்கொண்டது. 3800 என்றால் வண்டி உருவாகிவிட்டது. 5000 என்றால் முகவரிடம் சேர்ந்துவிட்டது. வண்டி கேட்டவர்கள் இவ்வெண்களைப் பஞ்சாங்கம் போல மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள். நம் நாட்டு வண்டிகளுக்கும் பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம் உண்டு. எம்ஏ1 என்று தொடங்கினால் மகீந்திரா, எம்பி1 என்றால் அசோக் லேலண்ட். நண்பர் இப்போது தெருவில் நிற்கும் எந்த வண்டியின் எண்ணையும் படித்து அதன் பிறந்த கதையைச் சொல்லிவிடுவார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் கண்ணாடிச் சுவர்களாலேயே ஓர் ஆலை எழுப்பி, ஃபேட்டன் கார்கள் பிறப்பதைப் பிறர் பார்க்கவைத்தது. காசு கொடுத்தவனுக்குத் தன் பொருள் எப்படி உருவாகிறது என்று காணும் ஆசை எங்கும் ஒன்றுதான் போலும்.

ஆனால் இந்த ஆசையை நண்பரின் தந்தையார் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டவர். 1980களில் அவர் லாரி வாங்கியபோது ஆலையிலிருந்து வந்தது வெறும் அடிச்சட்டமே. எஞ்சினும் சக்கரமும் திசைமாற்றியும் உண்டு, கூரையில்லை, கதவில்லை. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தற்காலிக இருக்கையில் அமர்ந்து, காற்றையும் வெயிலையும் நேரே வாங்கியபடி ஓட்டுநர்கள் அத்தகைய எலும்புக்கூட்டு வண்டிகளை நெடுஞ்சாலையில் கொண்டுசெல்வதை நம் தலைமுறையினர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அவை போய்ச் சேருமிடம் பாடி கட்டும் பட்டறை. லாரிக்குத் திருச்செங்கோடு, நாமக்கல், பேருந்துக்குக் கரூர். கூண்டு கட்டுவதையே குலத்தொழில் போல ஆக்கிக்கொண்ட ஊர்கள் அவை.

பெரியவர் தம் ஓட்டுநரையும் அழைத்துக்கொண்டு திருச்செங்கோட்டில் போய்த் தங்கிவிட்டாராம். ஏலமூட்டை கனமில்லாதது, ஆனால் இடத்தை அடைப்பது. ஆகவே பக்கப் பலகை உயர வேண்டும் என்று அவர் சொன்னார். மலை இறங்கும்போது முன்கண்ணாடி வழியே வளைவின் உட்புறம் தெரிய வேண்டும், இருக்கையைச் சற்றுத் தூக்கிப் போடுங்கள் என்று ஓட்டுநர் சொன்னார். தச்சர் ஒரு கட்டையை அடியில் வைத்து, உட்கார்ந்து பார்க்கச் சொல்லி, பிறகே ஆணி அடித்தார். நெற்றிப் பலகையில் குலதெய்வத்தின் பெயர் எழுதிய நாளில் பெரியவர் பட்டறையில் அனைவருக்கும் சாப்பாடு போட்டார் என்பது இன்றும் அவ்வீட்டில் சொல்லப்படும் கதை.

புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் அதியமானை ஒரு தேர்ச்சக்கரத்துக்கு ஒப்பிடுவதை வாசகர்கள் அறிவார்கள். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்துவிடக்கூடிய தச்சன், ஒரு மாதம் முழுவதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரம் அது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தச்சனின் திறனையே வியந்துகொண்டிருந்தோம். அவனுக்கு அந்த ஒரு மாதத்தை யார் கொடுத்தார்கள், யாருக்காக அவன் அத்தனை எண்ணினான் என்று கேட்க இப்போதுதான் தோன்றுகிறது. ஏறப்போகிறவன் முகம் தெரிந்தால்தான் அப்படி எண்ண முடியும்.

பழைய பட்டறையைப் போற்றிப் பாடுவது நம் நோக்கமன்று. ஆலைக்கு அளவும் சோதனையும் உண்டு. பட்டறைக்கு அவை இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2025 அக்டோபர் 14 அன்று ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் அருகே பேருந்து ஒன்று தீப்பற்றி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, விசாரணை அதன் கூண்டைக் கட்டியவர்களிடமும் சென்றது. கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி 2025 அக்டோபர் முதல் நாளிலிருந்து தயாராகும் வண்டிகளுக்கு நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநரின் உடம்பை நினைத்து இதைச் செய்தது சட்டம். பட்டறையில் நின்ற எந்த முதலாளியும் அல்லர். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. நண்பர் தம் வண்டியைப் பின்தொடர்ந்தார்; ஆனால் ஒரு திருகாணியையும் மாற்றச் சொல்ல அவரால் இயலாது. அவர் தந்தையாரோ பார்த்தார், சொன்னார், அதன்படி நடந்தது. தந்தைக்குக் கிடைத்த சொல் மகனுக்குப் பார்வையாகச் சுருங்கிவிட்டது. பார்வையும் கிடைக்காத மூன்றாமவர் ஒருவர் உண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியவர் அவரே.

விடியலுக்கு முன் போடியின் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கும். போடிமெட்டின் பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கவும் களையெடுக்கவும் போகிற பெண்கள் தூக்குவாளியும் படுதாத்தாளுமாக அவற்றில் ஏறுவார்கள். மாலையில் அதே வளைவுகளில் இறங்குவார்கள். ஓட்டுநர் நீங்கலாகப் பன்னிரண்டு பேருக்கு மேற்படாத வாடகை வண்டியை மேக்சி கேப் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கு மலைப்பாதையில் எப்படி மீறப்படுகிறது என்பது ஊரறிந்தது. விபத்துச் செய்தி வரும்போது மட்டும் நாமும் உச்சுக் கொட்டுவோம்.

நம் மாணவியர் சிலருடைய தாய்மார் அப்படிப் போகிறவர்கள். அவர்களில் ஒருவரிடம் ஒரு முறை கேட்டோம், வண்டியில் எது உங்களுக்குத் தொந்தரவு என்று. கூட்டத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். "படி எட்டல சார். யாராச்சும் கையப் புடிச்சு இழுத்தாத்தான் ஏற முடியுது. மழையில சறுக்கிருது" என்றார். பிறகு சற்று யோசித்து, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும், தூக்குவாளியை மடியில் வைத்தால் வளைவில் இரண்டு கையாலும் எதையும் பற்ற முடியவில்லை, அதை மாட்ட ஒரு கொக்கி இருந்தால் போதும் என்றார்.

ஒரு படி, ஒரு கம்பி, ஒரு கொக்கி. பட்டறையில் அரைநாள் வேலை. பல்லாண்டுகளாக அந்த ஜீப்புகளில் எதிரெதிர் இருக்கைகள் போடப்பட்டும் மாற்றப்பட்டும் வருகின்றன. அவற்றில் தினமும் இரு வேளை அமர்கிறவர்களை ஒரு முறை பட்டறைக்கு அழைத்து உட்கார்ந்து பார்க்கச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. வண்டி உருவாகும்போது அருகில் நிற்கும் உரிமை வாங்குகிறவருக்கே என்று நாம் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஏறுகிறவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதே நம் கருத்து. தகுதிச் சான்று கொடுக்கும் அதிகாரி விளக்கையும் தடையையும் சோதிப்பது போல, அவ்வண்டியில் போகும் இரண்டு பெண்களை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

நண்பரின் கார் வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் நசுக்கிக் கோயிலுக்கு ஓட்டிச் சென்று நமக்கும் பொங்கல் கொண்டுவந்து தந்தார். மலையில் அவருக்குச் சிறு தோட்டமும் உண்டு. ஆள் ஏற்ற ஒரு பழைய ஜீப்பை விலை பேசியிருப்பதாகவும், பின்பகுதியைப் பிரித்துப் புதிதாக இருக்கை போட வேண்டும் என்றும் அன்று சொன்னார். இருக்கை போடுமுன் உங்கள் தோட்டத்துப் பெண்களை ஒரு நாள் பட்டறைக்கு வரச் சொல்லுங்கள் என்றோம். சிரித்தார். நாம் சிரிக்கவில்லை என்று கண்டபின், அப்பா இருந்தால் கேட்டிருப்பார் என்றார். கேட்பதாகவும் சொல்லியிருக்கிறார்.