ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கும்போது

“பிராட் பிட் காசு அனுப்பச் சொன்னாரா?” 2025 ஜனவரியில், கார் து நோரிலிருந்து லாசப்பல் வரை நீளும் நம் கடைத்தெருவில் நான் பலமுறை கேட்ட பகிடி இது.

பின்னணி இதுதான். அந்த மாதம் 12ஆம் தேதி டி.எஃப்.1 தொலைக்காட்சி ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் கதையை ஒளிபரப்பியது. 2023இல் இன்ஸ்டாகிராமில், பிராட் பிட்டின் தாயார் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அவருக்கு எழுதினார். அடுத்து ‘பிட்’டே எழுதினார். காதல் மொழி, திருமணப் பேச்சு. பரிசுகள் சுங்கத்தில் நிற்பதாகச் சொல்லி முதலில் 9,000 யூரோ. பிறகு சிறுநீரகப் புற்றுநோய், மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் போலிப் படங்கள், விவாகரத்து வழக்கால் முடங்கிய வங்கிக் கணக்கு. மொத்தம் 8,30,000 யூரோ போயிற்று.

நாடு சிரித்தது. நெட்ஃபிளிக்ஸ் பிரான்ஸும் துலூஸ் கால்பந்துக் கழகமும்கூடக் கேலியில் சேர்ந்தன; கழகம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. இரண்டே நாளில் டி.எஃப்.1 அந்தப் பகுதியை நீக்கிவிட்டது.

மென்பொருள் துறையில் இருப்பதால், போலிப் படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்பேன். 2024 அக்டோபரில் ஹாங்காங் காவல்துறை கைது செய்த 27 பேர், வீடியோ அழைப்பிலேயே முகத்தை மாற்றிக் காட்டி, 4.6 கோடி அமெரிக்க டாலர் சுருட்டியவர்கள். கண் இனிச் சாட்சியாகாது. கதையின் கட்டமைப்பைப் பாருங்கள்: வசதியானவர், நேரில் வர முடியாதவர், பணம் எங்கோ சிக்கிக்கொண்டவர். நேரில் காணாதவர் பணம் கேட்டால், காரணம் எதுவானாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கடல் கடந்த சம்பந்தம் நமக்குப் புதிதல்ல. புகைப்படம் பார்த்து, தொலைபேசியில் பேசி, விசாவுக்குக் காத்திருந்து நடந்த திருமணங்கள் ஏராளம். ஆனால் அன்று நடுவில் ஒரு மாமாவோ அத்தையோ ஊரில் விசாரித்துச் சொன்னார்கள். இணையத்தில் தனியே தொடங்கும் பேச்சில் அந்த விசாரிப்பு இல்லை. அதிலும் விவாகரத்தானவர், துணையை இழந்தவர் என்றால், துணை தேடுவதையே மறைக்க வேண்டியிருக்கிறது. அந்த மறைவுதான் மோசடிக்காரனின் மூலதனம்.

பிரான்ஸில் 2022 முதல் ‘தெசே’ என்ற அரசுத் தளத்தில், காவல் நிலையம் போகாமலே இணையவழிப் புகார் கொடுக்கலாம். காதல் மோசடியும் அதில் அடங்கும். வங்கிக்கு உடனே சொல்ல வேண்டும். செய்திகளையும் ரசீதுகளையும் அழிக்கக் கூடாது. இவையெல்லாம் வாய் திறப்பவருக்கே பயன்படும். ஊர் சிரிக்கும் என்று அறிந்தவர் வாய் திறப்பாரா?

வீட்டில் யாராவது தயங்கித் தயங்கி, “இப்படி ஒருவருடன் பேசுகிறேன்” என்று சொன்னால், புத்தி சொல்லுமுன் முழுவதையும் கேளுங்கள். அடுத்த தவணை போகாமல் தடுக்க அதுவே சமயம்.