இரவல் சன்னலும் சொந்தக் குறிப்பும்

சொந்த இணையதளம் வைத்திருக்கும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும், சமூக ஊடகங்களில் வெளியாகும் பதிவுகளைத் தம் பக்கத்தில் அப்படியே பதித்துக்கொள்வது இன்று பெருவழக்காகிவிட்டது. பயிர் நோயின் படமோ வானிலை எச்சரிக்கையோ, சில வரி நிரலை ஒட்டிய அளவில் பக்கத்தில் தோன்றிவிடுகிறது. வசதியான முறைதான், ஆயினும் இவ்வாறு தோன்றுவது பிரதி அன்று என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஏட்டில் படத்தை ஒட்டி வைப்பது வேறு. அடுத்த வீட்டுச் சுவரிலுள்ள படத்தைச் சன்னல் வழியே காண்பது வேறு. பதித்தல் இரண்டாவது வகையைச் சார்ந்தது. வாசகர் பக்கத்தைத் திறக்குந்தோறும் அவருடைய உலாவி அயல் நிறுவனத்தின் சேவையகத்தை நாடிப் பதிவைப் பெற்று வருகிறது. எழுதியவர் அதனை நீக்கினாலும், நிறுவனம் விதியை மாற்றினாலும், சேவையே நின்றுபோனாலும் படம் மறைந்துவிடும். எஞ்சுவது, மிகுதியாகப் போனால், சில சொற்களும் பயனற்ற ஓர் இணைப்புமே.

பெங்களூரில் 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'கூ' இதற்குத் தக்க சான்று. இந்திய மொழிகளில் கருத்துப் பரிமாற எழுந்த அச்சேவையில் 2021-ஆம் ஆண்டளவில் மத்திய அமைச்சகங்கள் சிலவும் கணக்கு வைத்திருந்தன. 2024 ஜூலையில் அதன் நிறுவனர்களான அப்ரமேய ராதாகிருஷ்ணாவும் மயங்க் பிடவட்காவும் சேவை நிறுத்தப்படுவதாக அறிவித்தனர். இது தனித்த நிகழ்ச்சியன்று. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 2020 ஜூனில் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், பதிவு செய்துகொள்ளாத தளங்களும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளைப் பதித்துக்கொள்ள இருந்த எளிய வழி அடைபட்டது.

பதித்தலுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. எழுதியவர் பெயரும் தேதியும் பிரியாமல் உடன் வருகின்றன. அவர் பதிவைத் திரும்பப் பெற்றால் அவ்விருப்பமும் மதிக்கப்படுகிறது. ஆனால், பாடத்திற்கும் களக் குறிப்பிற்கும் நிலைபேறே முதல் தேவை. மேலும், பக்கத்தைக் காணும் மாணவரின் இணைய முகவரி முதலிய விவரங்கள் அவர் அறியாமலே அந்நிறுவனத்தைச் சென்றடைகின்றன. பேஸ்புக்கின் விருப்பப் பொத்தானைத் தன் தளத்தில் பதித்தவருக்கும், அவ்விவரங்களைத் திரட்டி அனுப்புவதில் பொறுப்பு உண்டென ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

ஆகவே, செய்தியின் சாரத்தைச் சொந்தச் சொற்களில் எழுதி, எழுதியவர் பெயர், தேதி, மூல இணைப்பு ஆகியவற்றைக் குறித்து வைத்தலே முறை. பிறர் படமாயின் அனுமதி பெற்றுப் பிரதியைத் தம் தளத்திலேயே சேமிக்க வேண்டும். தாம் கண்டறிந்ததை முதலில் தம் பக்கத்தில் எழுதிப் பின்னரே ஊடகத்தில் பகிர்வது அதனினும் நன்று. பதிவைப் பதித்தல் இவற்றுக்குத் துணையாக இருக்கலாம்; இவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.