கொட்டிலில் கிடந்த படகு யந்திரம்

நெல்லும் கரும்பும் விளையும் மேலூர்ச் சமவெளியில் வாழ்பவன் ஒருவன் படகு யந்திரத்தைப் பற்றி எழுதப் புகுவது அன்பர்கள் சிலர்க்கு நகையை விளைவிக்கலாம். திருவாதவூரிலிருந்து கடலைக் காண விரும்புவோன் தொண்டிக்கோ தேவிபட்டினத்திற்கோ நெடுந்தூரம் செல்லல் வேண்டும். ஆயினும், படகு இல்லாத இடத்தை நாடி நீரே வந்துவிடும் காலம் இது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை நகர வீதிகளிலே மீனவர் படகு செலுத்தினர். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரள மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தாமிரபரணிச் சமவெளி மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை பெய்ய, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ 800 பிரயாணிகளுடன் ரயில்வண்டி சிக்கி நின்றதை யாவரும் அறிவர். வாழைத் தோட்டங்களின்மேல் படகு செல்ல நேர்ந்த நாட்கள் அவை.

இவ்வெள்ளங்களில் மீனவர் படகு பயன்பட்டமைக்கு அவர்தம் துணிவே முதற் காரணம். பிறிதொரு காரணமும் உண்டு. அதனைப் பேசுவார் இலர். அவர் யந்திரங்கள் தொழிலுக்காக ஓயாது ஓடிப் பழகியவை. மூன்று மழைக்காலம் கிடங்கிலே தார்ப்பாயின் கீழ்க் கிடந்த யந்திரத்தை அவசரத்தில் வெளியே எடுத்துக் கயிற்றை இழுப்பவன் கதை வேறு. தோள் நோவதே அவன் காணும் பயன்.

வாதவூரர் பொருட்டு மதுரைக்கு வந்த குதிரைகள் பகலிற் பரிகளாய் நின்று, இரவிலே கொட்டிலில் நரிகளாய் மாறிய கதையை எம்மூர்ச் சிறுவரும் அறிவர். எட்டுக் குதிரை வேகமுள்ள யந்திரமும் கொட்டிலில் அடைபட்டால் அங்ஙனமே மாறுகின்றது. ஆனால் இது திருவிளையாடல் அன்று, ரசாயனம். தேங்கிய பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியது பிசினாய் இறுகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடுகின்றது. இக்காலத்தில் நம் நாட்டுப் பெட்ரோலிற் கலக்கும் எத்தனால் 20 விழுக்காடு வரை உள்ளது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் மிகுமாயின் நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியிலே தங்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அது கெடுக்கும். குளிர்நீரை மேலேற்றும் ரப்பர்ச் சக்கரமோ, மடிந்த நிலையிலேயே நெடுநாள் நின்று விறைத்துப்போகும். நீர் வெளிவரும் சிறு துவாரத்தைக் கண்ட குளவி, தனக்கென்றே அமைத்த இல்லம் என்று கருதி மண்ணால் அடைத்துக் குடிபுகும். உப்புநீரில் ஓடியபின் நன்னீரால் கழுவாது வைத்ததாயின் உள்வழிகளில் உப்பும் உறைந்திருக்கும்.

ஆகவே, எடுத்தவுடன் கயிற்றை இழுத்தல் ஆகாது என்பதே என் முதல் வாதம். பலரும் இழுத்த பின்னரே ஆராய்கின்றனர். துரு ஏறிய உருளையில் எண்ணெயின்றிப் பிஸ்டனை உராய்வித்தால், சிறு பழுதாய் இருந்தது பெரும் பழுதாகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது எண்ணெய் வார்த்து, ஓர் இரவு பொறுத்து, மறுநாள் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்புக. ஓடும் திசையிலன்றி எதிர்த்திசையில் திருப்பலாகாது; திருப்பின் ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்கள் முறுகும். தடையின்றிச் சுழலுமாயின் பாதிக் கவலை தீர்ந்தது.

பின்னர்ப் பழைய பெட்ரோல் முழுவதையும் வடித்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவல் வேண்டும். துளையிற் கம்பியை விட்டுக் குத்துவோர் உளர். துளை பெரிதாகி, எரிபொருள் என்றும் அளவு மீறிப் பாயும். அடுத்துத் தீப்பொறி. பிளக்கை யந்திரத்தின் உலோகத்தோடு சேர்த்து வைத்து, பெட்ரோல் அருகில் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, கயிற்றை இழுத்தால் நீலப்பொறி தெறிக்க வேண்டும். தெறியாவிடில், பழைய மாக்னெட்டோவின் தொடுமுனைகளிற் களிம்பு ஏறியிருக்கலாம்; எலி கடித்த கம்பியும் இருக்கலாம். அதற்கு முன், ஓட்டுவோன் மணிக்கட்டிற் கட்டும் நிறுத்துக் கயிற்றின் கவ்வி அதனிடத்தில் மாட்டியுள்ளதா என்று காண்க. அஃது இல்லாமையால் நாள் முழுதும் இழுத்து, யந்திரத்தை வைதவர் பலர்! பொறி இருந்தும் ஓடாததாயின், இழுத்தபின் பிளக்கை எடுத்துப் பார்க்க. உலர்ந்திருப்பின் எரிபொருள் வந்து சேரவில்லை என்பதும், நனைந்திருப்பின் வேறிடத்திற் குற்றம் என்பதும் தெளிவாம். தொட்டி மூடியின் காற்றுத் திருகு திறவாமையும் ஒரு காரணம்.

கீழ்ப்பெட்டியின் பல்சக்கர எண்ணெய் பால்நிறமாய் வடியுமாயின் உள்ளே நீர் புகுந்தது என்க. ரப்பர்ச் சக்கரத்தைப் பாராமலே புதிதாய் மாற்றுவது நலம். விலை சிறிது, கேடு பெரிது. இவ்வளவும் செய்தபின் கீழ்ப்பாகம் நீரில் அமிழும்படி பீப்பாயில் நிறுத்தியே ஓட்ட வேண்டும். உலர்ந்த தரையில் சில நொடி ஓட்டினும் புதிய ரப்பர் கருகிவிடும். பக்கத் துவாரத்தில் நீர்த்தாரை வரக் காணாவிடில் உடனே நிறுத்துக.

நிற்க. பழையதைப் பழுது பார்ப்பதிற் பயன் யாது, இரும்புக் கடைக்கு எடைபோட்டுப் புதியது வாங்கலாமே என்பார் உளர். ஒலே எவின்ரூட் என்பார் 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய வகை, அவர் பெயராலேயே நூறாண்டுக்கு மேல் உற்பத்தியாகி 2020ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. உதிரிப் பொருள் கிடைப்பது அரிதாயின் அவர் கூறுவதை ஒருவாறு ஒப்பலாம். ஆயின், ஓடாமைக்குக் காரணம் தேய்வா, கிடப்பா என்று ஆராயாமல் எடைக்குப் போடுதல், மயங்கிக் கிடப்பவனை மருத்துவனிடம் காட்டாமற் பாடை கட்டுவதை ஒக்கும். கிடப்பாற் கெட்டது பெரும்பாலும் கழுவுதலாலும் சில ரப்பர்ப் பொருள்களாலும் சீராகும். இதற்கு மறுதலையாக, அனைத்தையும் ஒரே நாளிற் கழற்றிக் குவிப்போரையும் நான் ஆதரியேன். பூட்டும்போது எஞ்சும் திருகுகளே அவர்க்கு விடை கூறும்.

இவ்வறிவுக்குக் கடற்கரை வரை போக வேண்டுவதில்லை. பெட்ரோலில் துவங்கி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு பம்புசெட்டை வாய்க்காற் கரையில் வைத்து நீர் இறைத்த நம் உழவர்க்கு இது பழகிய பாடமே. நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது ஓட்டாவிடில் மறுநாள் கிளம்பாது என்பதை மண்ணெண்ணெய் மோட்டார் ஓட்டும் மீனவரும் அவரும் ஒருங்கே அறிவர். அறியாதார் பட்டம் பெற்ற நாமே. கையில் எண்ணெய் படுவதை இழிவாக எண்ணும் மனப்பான்மை நம் மாணாக்கரிடை இன்னும் அகலவில்லை. வெப்பவியலிற் சிறந்த மதிப்பெண் பெற்றவன் பிளக்கைக் கழற்றத் தச்சனையோ கொல்லனையோ தேடுவது கல்விக்கு அழகன்று. நம் இயற்பியற் பகுதியார் ஆண்டில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்குவாராயின் நன்று.

உள்நாட்டு ஊர்களில் வெள்ள மீட்புக்கென வைக்கப்படும் படகு பற்றியும் ஒன்று கூறுவேன். மாதம் ஒருமுறை பீப்பாயில் வைத்து ஓட்டல் வேண்டும். ஓட்டியவர் பெயரும் நாளும் ஓர் ஏட்டிற் பதிதல் வேண்டும். வைகை கரை உடைத்தபோது ஆளுக்கு இவ்வளவு பங்கென்று அளந்துவிட்டதாகப் புராணம் கூறும். அளந்துவிட்டதனாலன்றோ வந்தியின் பங்கு அடைபடாதது அன்றே தெரிந்தது! பொதுவில் விட்ட யந்திரத்தில் எவர் பங்கு அடைபடவில்லை என்பது வெள்ளம் வந்தபின்னரே தெரியும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும். ஆதலின் புரட்டாசி முதல் வாரத்திலேயே பழைய பெட்ரோலை வடித்து, குளவிக் கூட்டை அகற்றி, நீர்த்தாரை விழுவதைக் கண்ணாற் கண்டு வைத்தல் வேண்டும்.