தட்டில் விழும் சொட்டு

போன மார்கழியில் ஒரு விடியற்காலை அடுப்படியில் கால் வைத்தேன். தரை சில்லென்று இருந்தது. அந்த மாதத்தில் எங்கள் மலையூர் காந்தலூரில் எந்தத் தரையும் அப்படித்தான் இருக்கும் என்பதால், இரண்டாவது அடி வைத்த பிறகுதான் அது தண்ணீர் என்று உறைத்தது. சிங்க்குக்குக் கீழே கனெக்‌ஷன் ஓஸ் வால்வோடு சேரும் இடத்தில் நட்டு தளர்ந்து, நூல் மாதிரி பீய்ச்சிக்கொண்டிருந்தது. மேலே 500 லிட்டர் தொட்டி காலி. அதைவிடப் பக்கத்து அறையைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. சாக்கில் கட்டித் தரையோடு வைத்திருந்த விதைப்பூண்டு அடிப்பாதி முழுக்க நனைந்திருந்தது.

காந்தலூர், வட்டவடை பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காய்ந்து கிடக்கிற வரைக்கும்தான் அது விதை. ஈரம் ஏறினால் பூசணம். அன்றைக்கு முழுக்க நானும் என் மனைவியும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பூண்டாக அமுக்கிப் பார்த்துப் பிரித்தோம். கால் மூட்டைக்கு மேல் கழிந்தது.

தண்ணீர் போனது அதற்குக் குறைந்த நஷ்டமில்லை. மூணாறில் ஆடி மாதம் அடைமழை கொட்டும்போது, மலைக்கு இந்தப் பக்கம் மழைமறைவில் இருக்கும் எங்களுக்குச் சாரல்தான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் ஊர் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் கிழக்கே இறங்கிப் பாம்பாறாகி அமராவதி அணைக்குப் போகிறது. அந்தப் பாம்பாற்றில் கேரளத்துக்கு இவ்வளவுதான் என்று காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 3 டி.எம்.சி. அளந்து வைத்தது. கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரம் வைத்த பிறகு ஊற்றுகள் இளைத்துவிட்டன என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் வீட்டுத் தொட்டிக்கு மேலே காட்டோர ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸில் தண்ணீர் வருகிறது. கோடையில் அது சுண்டுவிரல் தண்டிக்கும் குறைவு. தொட்டி நிறைய இரண்டு பகல் ஒரு இரவு ஆகும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அந்தக் கணக்கில் ஒன்பது பேருக்கு ஒரு நாள் போதும் தண்ணீரை நாங்கள் தூங்கிக்கொண்டே சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறோம்.

அன்றைக்குத்தான் ஒரு அலாரம் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

உடுமலைப்பேட்டையில் எலக்ட்ரிக் கடைக்காரர் மூன்று வகையை எடுத்து வைத்தார். ஒன்று, தொட்டி நிரம்பினால் கத்துவதற்கென்று விற்கும் சாதாரண அலாரம். ஒரு பெட்டி, ஒரு நீள ஒயர், நுனியில் இரண்டு கம்பி. விலை சில நூறு ரூபாய். இன்னொன்று, உள்ளங்கை அளவு வட்டச் சில்லு. தரையில் அப்படியே வைக்க வேண்டியது, அடியில் உலோகக் குமிழ்கள் இருக்கும். மூன்றாவது, வைஃபையில் பேசி கைபேசிக்குச் செய்தி அனுப்புவது. அது ஆயிரத்தைத் தாண்டியது.

மூன்றாவதை நான் அங்கேயே ஒதுக்கினேன். எங்கள் ஊரில் காற்றடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் வைஃபை போகும், செல்போன் சிக்னல் மூலைக்கு மூலை மாறும். வைஃபை இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கவே அதன் பேட்டரி செலவாகும். சாதாரண அலாரத்தில் அப்படி இல்லை. இரண்டு கம்பிக்கு நடுவே தண்ணீர் வந்தால் துளி மின்சாரம் கடக்கும், அதை உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் பெரிதாக்கி பஸ்ஸரை அலற வைக்கும். தண்ணீர் வராதவரை அது அநேகமாக ஒன்றுமே குடிக்காது. ஒரு 9 வோல்ட் பேட்டரி மாதக்கணக்கில் கிடக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கும், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கும் வேண்டுமானால் கைபேசிக் கருவி உதவலாம். அதுவும் ரூட்டருக்கு இன்வெர்ட்டர் இருந்தால்தான்.

கடைக்காரர் டம்ளரில் தண்ணீர் பிடித்து ஒயர் அலாரத்தின் கம்பியை முக்கிக் காட்டினார். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது. சில்லு ஒன்றையும் அதையும் சேர்த்து வாங்கி வந்தேன். வீட்டில் எங்கள் ஊற்றுத் தண்ணீரை ஒரு கரண்டி தரையில் ஊற்றி ஒயரின் நுனியை வைத்தேன். முனகியது. கதவைச் சாத்தினால் கேட்காது.

பக்கத்து வீட்டுப் பையன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். வந்து பார்த்துவிட்டுச் சொன்னான். “மாமா, அலாரம் நல்லாத்தான் இருக்கு. நம்ம தண்ணிதான் வேற. கடையில காட்டுனது போர் தண்ணி, உப்புத் தண்ணி. உப்பு இருந்தாத்தான் கரண்ட் ஓடும். நம்மளது பாறையில ஊறி வர்ற மெல்லுசுத் தண்ணி.” குளிரும் சேர்ந்துகொள்ளும் என்றான். தண்ணீரின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் மின்சாரம் கடத்தும் திறன் சுமார் 2 சதவீதம் குறையும். உடுமலை வெயிலுக்கும் எங்கள் மார்கழி இரவுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை. மலையில் இருப்பவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். கடையில் காட்டிய சோதனையை நம்பாமல், ஒரு பாட்டிலில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு தட்டில் மெல்லப் பரப்பி, கம்பி படுகிற மட்டுக்கு மட்டும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அதில் கத்தினால் வாங்கலாம்.

சில்லு அந்தச் சோதனையில் தேறியது. அதன் குமிழ்கள் நெருக்கமாக இருந்ததால் கொஞ்சம் தண்ணீரே இணைத்துவிட்டது. ஆனால் பனி இறங்கும் இரவில் தரை வியர்த்து இரண்டு தடவை பொய்யாக அலறியது. அதற்கும் ஒரு வழி பிறந்தது. சோற்றுத் தட்டு ஒன்றைக் கவிழ்க்காமல் நேராகச் சிங்க்குக்குக் கீழே நட்டுக்கு நேர் கீழாக வைத்து, சில்லைத் தட்டுக்குள் வைத்தேன். தரை வியர்வை அதைத் தொடுவதில்லை. சொட்டுகிற தண்ணீர் சிதறிப் போகாமல் தட்டிலேயே தேங்குவதால் சீக்கிரம் கத்துகிறது. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே ஒரு நாளில் நாலு லிட்டருக்கு மேல் போகும். அந்தச் சின்னக் கசிவைத் தட்டு இல்லாமல் பிடித்திருக்க முடியாது.

முனகிய ஒயர் அலாரத்தை வீணாக்கவில்லை. நுனியை மேல்தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்டேன். கம்பி நன்றாக முங்கினால் அதுவும் சத்தமாகவே கத்துகிறது. கம்பிகள் நாளடைவில் அரித்துப் பச்சை பிடிக்கும், மாதம் ஒருமுறை தேய்க்க வேண்டும். எவர்சில்வர் கம்பி உள்ளதாகக் கேட்டு வாங்கினால் இந்த வேலை குறையும்.

இரண்டு அலாரத்தாலும் பிடிக்க முடியாத கசிவு ஒன்று இருக்கிறது. மேலே காட்டோரத்தில் யானை மிதித்தோ பன்றி கிளறியோ ஓஸ் பிய்ந்தால் வீட்டுத் தரை நனையாது, தொட்டி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். பையன் அதற்கு ஒரு மிதவை சுவிட்சைத் தொட்டியின் பாதி உயரத்தில் மாட்டிக் கொடுத்தான். தலைகீழாகத் திருப்பி மாட்டினால் அது நீர் ஏறும்போது இல்லாமல் இறங்கும்போது மணியடிக்கும். என்னைக் கேட்டால், எங்கள் பஞ்சாயத்தில் ஓஸ் தண்ணீரை நம்பி இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் வேண்டியது இதுதான்.

போன வியாழன் இரவு சில்லு கத்தியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். தட்டில் அரை டம்ளர் தண்ணீர். நட்டுக்குள் இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்து விரிந்திருந்தது. வால்வை மூடினேன். பக்கத்து அறையில் சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். பூண்டு காய்ந்திருந்தது.