தாத்தாவுக்குத் தாத்தா எந்த ஊரு? மொரிஷியஸ் தமிழர்கள் தேடும் அந்த நம்பர்

மொரிஷியஸில் உள்ள இந்திய வம்சாவளியினருக்கு 7-ஆம் தலைமுறை வரை ஓசிஐ அட்டை கிடைக்கும் என்று 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அங்கே அறிவித்தார். ஆனா, 'எங்க முன்னோர் இந்தியாவுல இருந்து வந்தவங்க'ன்னு சொன்னா மட்டும் போதாது. ஆவணம் வேணும்.

எங்கே தேடுவது?

1834-லிருந்து ஏறக்குறைய 5 லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக மொரிஷியஸில் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் தரப்பட்டது. பெயர், வயது, கப்பல், ஊர் ஆகியவை பதிவான அந்த ஏடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படமும் உண்டு.

எப்படித் தொடங்குவது?

உங்கள் பிறப்புச் சான்றிதழிலிருந்து. அடுத்து பெற்றோர், தாத்தா பாட்டி என ஒவ்வொரு தலைமுறையின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் எண்ணைப் பிடிப்பது கஷ்டம்.

என்ன சிக்கல்?

ஒன்று, பெயர். வந்தவரின் சொந்தப் பெயரே பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. ராமசாமி, குமாஸ்தா காதில் விழுந்தபடி 'ராம்சாமி' ஆனார். அதே பெயரில் பலர் இருப்பதால் எண்தான் அடையாளம்.

இரண்டு, ஊர். ஏட்டில் 'தென்னாற்காடு' என்றிருந்தால் இன்றைய மேப்பில் அப்படியொரு மாவட்டமே இல்லை. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி எனத் தேடணும். 'மெட்ராஸ்' என்று மட்டும் இருந்தால், அது சொந்த ஊரா, கப்பல் ஏறிய துறைமுகமா?

இந்திய வம்சாவளி என்று நிரூபிக்க அந்தப் பதிவு உதவும். ஆனா தாத்தாவோட தெரு எதுன்னு தெரிஞ்சுக்க, இங்கே வந்துதான் விசாரிக்கணும்.